பீர்மேட்டு மலையில் காளான் முளைக்கும் இடங்கள்

பீர்மேடு என்றதும் நம் நினைவிற்கு வருவன தேயிலையும் ஏலமும் மழையுமே. இம்மூன்றோடு சேர்த்து எண்ணத்தக்க நான்காவது பொருள் ஒன்று அங்கு உண்டு. அதற்குத் தோட்டமில்லை, உரிமையாளர் இல்லை, சந்தை விலையும் இல்லை. கோடை மழையின் இடிமுழக்கம் தொடங்கிய சில வாரங்களில், கொழுந்து பறித்துவிட்டு மாலையில் லயத்திற்குத் திரும்பும் பெண்கள் இலையில் பொதிந்து எடுத்து வரும் காட்டுக் காளானே அப்பொருள். அன்றிரவு சில வீடுகளில் கறியின் மணம் எழும். அரிதாக, மறுநாள் விடியுமுன் ஏதேனும் ஒரு வீட்டிலிருந்து மருத்துவமனைக்கு ஆள் ஓடவும் நேரும்.

உண்ணத்தக்க காளானையும் உயிர்போக்கும் காளானையும் பிரித்தறிவது எப்படி என்ற வினாவிற்கு நிறம், மணம், சுவை என்று பலரும் பலவாறு விடை கூறுவர். காளானின் பெயரைக் கேட்பதற்கு முன் அது நின்ற இடத்தைக் கேட்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து. எந்த மண்ணில், எந்த மரத்தடியில், எதன்மீது முளைத்தது என்பது தெரிந்தால் பாதி விடை கிடைத்துவிடும். மீதிப் பாதி எங்கே கிடைக்கும் என்பதையும் பின்னர்க் காண்போம்.

வெளியே தெரிவது கனி மட்டுமே

காளான் செடியினத்தைச் சேர்ந்ததன்று. அதற்குப் பச்சையமும் இல்லை, உண்மையான வேரும் இல்லை. பூசணம் என்னும் உயிரினத்தின் கனிப்பகுதியே நாம் காணும் குடை. மண்ணுக்குள்ளோ மரத்துக்குள்ளோ நூலினும் மெல்லிய பூசண இழைகள் ஆண்டு முழுவதும் படர்ந்து வாழ்கின்றன. ஈரமும் வெப்பமும் ஒத்துவரும் சில நாட்களில் மட்டும் அவ்விழைகள் திரண்டு குடையாக வெளிவருகின்றன. மாமரத்தை முழுவதும் மண்ணுக்குள் புதைத்துவிட்டு மாம்பழத்தை மட்டும் வெளியே விட்டது போன்றது இது என்று ஆசிரியர்கள் மாணவர்க்கு விளக்கலாம். குடையின் அடியில் ஏடுகள் போல் அடுக்கப்பட்டுள்ள செவுள்களில் ஸ்போர் என்னும் வித்துத்தூள் உண்டாகிறது. பச்சைக் காளானின் எடையில் ஏறத்தாழ 90 விழுக்காடு நீரே. மழை இல்லாத நாளில் குடை விரியாததற்குக் காரணம் இதுவே.

தன் உணவைத் தானே ஆக்கிக்கொள்ள இயலாத காளான், பிறர் ஆக்கி வைத்ததையே உண்டாக வேண்டும். சில இறந்த மரத்தையும் சருகையும் சாணத்தையும் உண்கின்றன. சில உயிருள்ள மரத்தின் வேரோடு கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொள்கின்றன. சில அம்மரத்தையே தாக்கிக் கொல்கின்றன. ஆகவே ஒரு காளான் நிற்கும் இடம் அது உண்ணும் இலை எனலாம். நம் முன்னோர் இதை ஓரளவு கவனித்திருந்தனர். சங்க நூல்களில் காளானுக்கு ஆம்பி என்று பெயர். பெருந்தலைச் சாத்தனார் தம் வறுமையைக் குமணனிடம் எடுத்துரைக்கும் புறநானூற்றுப் பாடலில், நெடுநாள் சமைக்காத அடுப்பில் ஆம்பி பூத்திருக்கும் காட்சி வருகிறது. நெருப்பு மூட்டாத அடுப்பு ஈரம் பிடித்த மண் அல்லவா? புலவர் வறுமையைச் சொன்னார். உடன் காளானின் வாழிடத்தையும் சொல்லிவிட்டார்.

ஒரு சாலை, பல நிலங்கள்

கோட்டயத்திலிருந்து குமுளி வரை செல்லும் மலைச்சாலையில் ஒரு நாள் பயணம் செய்தால் காளான்களின் வாழிட வேறுபாட்டை ஒரே மூச்சில் காணலாம். முண்டக்கயம் வரை இருமருங்கிலும் ரப்பர் தோட்டங்கள். அங்கிருந்து பெருவந்தானம் கடந்து சாலை செங்குத்தாக ஏறுகிறது. குட்டிக்கானத்தில் காற்று குளிர்ந்துவிடுகிறது. பீர்மேடு, பாம்பனார், வண்டிப்பெரியாறு வழியெங்கும் ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரத்தை ஒட்டியே தேயிலை. குமுளியைச் சுற்றி ஏலக்காடுகளும், 1978இல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட பெரியாறு சரணாலயமும் உள்ளன. குமுளி தாண்டிச் சாலை கீழிறங்கினால் கம்பம் பள்ளத்தாக்கு. அது தென்மேற்கு மழையின் மறைவு நிலம்.

ஜூன் மாதம் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை மேற்குச் சரிவில் மோதிக் கொட்டுகிறது. ஆயினும் மழை மிகுந்த இடமே காளான் மிகுந்த இடம் என்று கருதிவிடலாகாது. குட்டிக்கானத்துப் புல்மேடுகளில் மாதக்கணக்கில் மழை பெய்தாலும், கறிக்கு உதவும் பெருங்காளான்கள் அங்கே அதிகமில்லை. அதே மேடுகளின் மடிப்புகளில் ஒதுங்கி நிற்கும் சோலைகளுக்குள் நுழைந்தால், நனைந்த ஒவ்வொரு சருகின்மேலும் ஊசித் தண்டும் கம்பளிப்பூச்சியின் தலையளவு குடையும் கொண்ட காளான்கள் நிற்கின்றன. இவற்றுள் மராஸ்மியஸ் இனத்தவை வெயிலில் சுருங்கிக் காய்ந்துபோய், அடுத்த மழையில் மீண்டும் நிமிர்ந்து கொள்ளும் திறனுடையவை. மனிதருக்கு இவற்றால் நேரடிப் பயனில்லை என்றாலும், சருகை மட்கச் செய்து சோலை மண்ணை உண்டாக்கும் வேலையில் பெரும்பங்கு இவற்றுடையதே.

மாடு மேயும் புல்வெளிகளில் சாணத்தின்மீது முளைப்பவை தனிக் கூட்டம். இவற்றுள் சிலவற்றில் சைலோசைபின் என்னும் மனமயக்கப் பொருள் உள்ளது. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டப் பட்டியலில் அப்பொருள் இடம்பெற்றிருக்கிறது. சாணக் காளான் கறிக்கு ஆகாது என்பது மலைவாசிகளின் பொது வழக்கு, நல்ல வழக்கு.

கேரளத்தில் செவுள் உள்ள காளான்கள் மட்டுமே 600க்கு மேற்பட்டவை என்று கோழிக்கோடு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட பட்டியலால் அறிகிறோம். குடையில்லாத பிற வகைகள் இக்கணக்கில் சேரா. இத்தனையுள் மக்கள் விரும்பி உண்பவை விரல்விட்டு எண்ணத்தக்கவையே. அவற்றுள் தலையாயது புற்றுக் காளான்.

கரையான் பயிரிடும் காளான்

மலையாளத்தில் காளானைக் கூண் என்பர். மலையடிவாரத்திலும் பீர்மேட்டுத் தாழ்வரைகளிலும் கூண் பறிக்கப் போகிறோம் என்றால் பெரும்பாலும் புற்றுக் காளானைத் தேடிப் போகிறோம் என்றே பொருள். இதன் அறிவியற்பெயர் டெர்மிடோமைசஸ். கரையான் பூசணம் என்பது அதன் பொருள்.

கரையான்களுள் ஒரு பிரிவு மரத்தையும் சருகையும் தானே முற்றிலும் செரிக்க இயலாதது. ஆதலால் அது வேளாண்மை செய்கிறது. வேலைக்காரக் கரையான்கள் மென்று விழுங்கிய தாவரப் பொருளை அரைகுறையாகச் செரித்த நிலையில் வெளியேற்றி, கூட்டின் அறைகளில் கடற்பஞ்சு போன்ற பாத்தியாக அமைக்கின்றன. அப்பாத்தியில் பூசணம் படர்ந்து, கடுகளவு வெண்மணிகளை உண்டாக்குகிறது. கரையான்கள் அம்மணிகளையும், நன்கு பக்குவப்பட்ட பழைய பாத்தியையும் உண்கின்றன. மனிதன் பயிரிடத் தொடங்கிப் பத்தாயிரம் ஆண்டுகளுக்குச் சற்று மேலாகிறது. கரையான் ஆப்பிரிக்கக் காடுகளில் இந்த வேளாண்மையைத் தொடங்கி ஏறத்தாழ மூன்று கோடி ஆண்டுகள் ஆகின்றன.

இந்த உறவைப் பற்றிய ஆய்வில் நம் நாட்டிற்கும் அண்டை நாட்டிற்கும் பழைய தொடர்பு உண்டு. தரங்கம்பாடியில் மருத்துவராகப் பணியாற்றிய கோனிக் என்பவர் தஞ்சைப் பகுதிக் கரையான்களைக் கவனித்து 1779இல் ஜெர்மன் மொழியில் கட்டுரை வெளியிட்டார். இலங்கையின் பேராதனைத் தாவரத் தோட்டத்தில் பணிபுரிந்த பெட்ச் 1906இல் கரையான் கூட்டுப் பூசணங்களை விரிவாக ஆராய்ந்தார். பிரெஞ்சு அறிஞர் ரோஜர் ஹைம் 1942இல் டெர்மிடோமைசஸ் என்ற பேரினத்தை நிறுவினார். தென்னிந்தியாவில் பரவலாகக் கிடைக்கும் ஒரு வகைக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் கே. நடராஜன் 1979இல் அந்த ஹைமின் பெயரையே இட்டார். இப்பேரினத்தின் பேருருவம் ஆப்பிரிக்காவின் சாம்பியாவில் உள்ளது. 1980இல் விவரிக்கப்பட்ட அவ்வகையின் குடை ஒரு மீட்டர் அகலம் வரை விரியும்.

புற்றுக் காளானின் உடலமைப்பே அதன் பிறப்பிடத்தைச் சொல்லும். கூட்டிலிருந்து புறப்படும் தண்டு வேர்போல் நீண்டு, மண்ணைத் துளைத்துக்கொண்டு மேலே வருகிறது. துளைப்பதற்கு ஏற்றவாறு குடையின் உச்சி கூராகவும் கெட்டியாகவும் உள்ளது. குடை விரிந்த பின்னும் அக்கூர்முனை நடுவில் மொட்டாக நிற்கும். தண்டைச் சட்டென இழுத்தால் அடிப்பகுதி ஒடிந்து மண்ணுக்குள்ளேயே தங்கிவிடும். அப்போது மிகச் சிறந்த அடையாளம் கைநழுவிப் போகிறது. ஒரு காளானை மட்டும் குச்சியால் பக்க மண்ணைக் கிளறி மெல்ல எடுத்துப் பார்த்தால் தண்டு கீழே கீழே போய்க்கொண்டே இருப்பது தெரியும். கூடு வரை தோண்ட வேண்டியதில்லை. தோண்டினால் அடுத்த ஆண்டு அங்கே காளான் இராது.

இதற்கு ஒரு விலக்கும் உண்டு. மலையாளத்தில் அரிக்கூண் என்றும் தமிழில் அரிசிக் காளான் என்றும் வழங்கும் சிறுவகை நூற்றுக்கணக்கில் வெண்பொரி சிந்தியதுபோல் ஒரே இடத்தில் முளைக்கும். இதற்கு நீண்ட தண்டடி இல்லை. கரையான்கள் பழைய பாத்தியைத் துண்டு துண்டாக வெளியே கொண்டுவந்து மண்ணின்மேல் பரப்பிவிடுவதே காரணம். பூசணம் அடியிலிருந்து துளைத்து வரவேண்டிய அவசியம் இல்லாதபோது தண்டு நீளவேண்டிய அவசியமும் இல்லை.

முதல் மழையில் ஈசல் பறக்கிறது. காளான் பின்னர் வருகிறது. இந்த இடைவெளிக்குப் பொருள் உண்டு. இணை சேர்ந்து இறங்கிய ஈசல்கள் மண்ணுக்குள் புதுக் குடும்பம் தொடங்குகின்றன. முதற்பிறந்த வேலைக்காரக் கரையான்கள் இரைதேடி வெளியே வரும் காலத்தில் பழைய கூடுகளின் காளான்கள் குடை விரித்து வித்துத்தூளைச் சிந்தியிருக்கின்றன. பெரும்பாலான இனங்களில் புதுக் கூட்டிற்கு விதை கிடைப்பது இவ்வழியாகவே. எனவே ஓரிடத்துக் காளான்களை ஒன்று விடாமல் மொட்டிலேயே பறித்துவிட்டால், அவ்வட்டாரத்தில் புதிய கூடுகள் விதையின்றிப் போகக்கூடும். சிலவற்றை விரியவிட்டு வரும் பழக்கமுள்ளவர்கள் இக்காரணத்தை அறிந்து செய்கிறார்களோ இல்லையோ, செய்வது சரியே.

இடி இடித்தால் காளான் முளைக்கும் என்ற நம்பிக்கை தமிழரிடமும் மலையாளிகளிடமும் உண்டு. இடிக்கும் மழைக்கும் உள்ள தொடர்பே இந்நம்பிக்கைக்கு அடிப்படை என்று சொல்லிவிடலாம். எனினும் ஜப்பானின் இவாத்தே பல்கலைக்கழகத்தார், ஷிட்டாக்கே காளான் வளரும் கட்டைகளில் உயர் மின்னழுத்தத் துடிப்புகளைச் செலுத்தி விளைச்சல் கூடுவதைக் கண்டிருக்கின்றனர். ஆகவே இதனை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட அவசரப்பட வேண்டாம்.

புற்றுக் காளானை வணிக அளவில் பயிரிடும் முயற்சி இன்றுவரை கைகூடவில்லை. இழைகளை ஆய்வகத்தில் வளர்க்கலாம். குடையை வரவழைக்கக் கரையான் வேண்டியிருக்கிறது. உயரம் கூடக்கூடக் கரையான் குறைவதால் பீர்மேட்டின் உச்சி மேடுகளைவிடத் தாழ்வரைகளிலேயே இக்காளான் மிகுதி. அங்கும் வீட்டுமனைக்காக மேட்டை மண்வாரி இயந்திரம் சமப்படுத்தும்போதும், அடித்தளத்தில் கரையான் கொல்லி ஊற்றப்படும்போதும் பல ஆண்டுகளாகத் தவறாமல் முளைத்து வந்த இடம் ஒன்று மறைந்துபோகிறது.

மரத்தை உண்பவையும் மரத்தோடு வாழ்பவையும்

ரப்பர் தோட்டத்துக் காய்ந்த கிளைகளிலும், ஏலக்காட்டில் நிழலைக் குறைப்பதற்காக வெட்டித் தள்ளிய கிளைகளிலும் மழைக்காலத்தில் காது மடல் போன்ற பழுப்புநிறக் காளான் கொத்தாகத் தோன்றும். இதுவே மரக்காது. தண்டில்லாமல் மரத்தோடு பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு சிப்பிபோல் விரிபவை சிப்பிக் காளான்கள். இளஞ்சிவப்பு நிறத்தவையும் உண்டு. விசிறிபோன்று, அடியில் பிளவுபட்ட செவுள்களையுடைய சிறு சாம்பல்நிறக் காளான் எங்கும் காணப்படுவது. இங்கே அதை யாரும் பொருட்படுத்துவதில்லை. மணிப்பூரில் அதுவே காங்லாயென் என்ற பெயரில் சந்தையில் விலைபோகும் உணவு. இடத்திற்கு இடம் மாறுவது காளான் மட்டுமன்று, நாக்கும்தான்.

மரத்தில் முளைப்பவை எல்லாம் தோட்டக்காரருக்கு நண்பரல்ல. தேயிலைச் செடியின் வேரைத் தாக்கும் செவ்வேர் நோய், கரிக்கட்டை அழுகல் போன்றவையும் பூசணங்களின் வேலையே. வெட்டிய நிழல்மரத்தின் அடிக்கட்டையில் குடியேறி, அங்கிருந்து வேர்வழியாகத் தேயிலைக்குப் பரவுகின்றன. நிழல்மரத்தை வெட்டுவதற்கு முன்னரே அடிமரப் பட்டையை வளையமாக உரித்து வைப்பதன் நோக்கம், வேரில் சேர்ந்துள்ள மாவுப்பொருள் தீர்ந்து பூசணத்திற்கு உணவில்லாமல் செய்வதாகும்.

இவ்விரு வகைகளிலும் சேராத மூன்றாவது கூட்டம் மரவேரைப் போர்த்திக்கொண்டு வாழ்வது. பூசண இழை மண்ணிலிருந்து நீரையும் தாது உப்புகளையும் திரட்டி மரத்திற்குத் தருகிறது. மரம் சர்க்கரையைத் தருகிறது. மேற்குத்தொடர்ச்சி மலையின் பசுமைமாறாக் காடுகளில் வெள்ளைக் குங்கிலியம், தம்பகம் முதலிய மரங்களின் அடியில் ருசுலா, அமானிட்டா இனக் காளான்கள் நிற்பது இந்த ஒப்பந்தத்தின் விளைவே. அம்மரம் இல்லாத இடத்தில் அக்காளானும் இல்லை. உலகின் கொடிய நச்சுக் காளான்கள் சில அமானிட்டா இனத்தைச் சேர்ந்தவை என்பதால், பெருமரங்களின் அடியில் மண்ணிலிருந்து தனித்தனியாக எழும் வெண்குடைகளிடம் மிகுந்த எச்சரிக்கை தேவை.

மரம் குடிபெயர்ந்தால் அதன் கூட்டாளியும் உடன் வரும். நீலகிரியில் மெக்சிகோவின் பட்டுலா பைன் மரங்களின் வேர்களைச் சென்னைப் பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்தபோது, செந்நிறக் குடையில் வெண்புள்ளி தெளித்த அமானிட்டா மஸ்கேரியா, சூயில்லஸ் முதலிய குளிர்நாட்டுக் காளான்கள் அவற்றோடு இணைந்து வாழ்வதைக் கண்டனர். குட்டிக்கானத்திலும் வாகமண்ணிலும் சுற்றுலாப் பயணிகளைக் கவரும் பைன் தோப்புகளும் நட்டு வளர்க்கப்பட்டவையே. அங்கே முளைப்பவற்றைப் பற்றி நம் பாட்டிமார் அறிவு எதுவும் சொல்லாது. அவர்கள் காலத்தில் அம்மரமே இங்கில்லை.

இடம் மாறியவர்கள்

பீர்மேட்டில் குடிபெயர்ந்து வந்தது பைன் மட்டுமன்று. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இம்மலைகளில் முதலில் எழுந்தவை காப்பித் தோட்டங்கள். 1869இல் இலங்கையில் தோன்றிய காப்பி இலைத் துரு நோய் தென்னிந்தியாவிற்கும் பரவிக் காப்பியை அழித்ததும், துரைமார்கள் தேயிலைக்கு மாறினர். அந்நோயை உண்டாக்குவதும் ஒரு பூசணமே. காளானுக்குத் தொலைதூர உறவு. அதற்குச் சற்று நெருங்கிய கதை 1946இல் தென்னிந்தியத் தேயிலையைத் தாக்கத் தொடங்கிய கொப்புள நோயினுடையது. அதுவும் பூசணத்தின் வேலையே. பீர்மேட்டின் பச்சைப் போர்வை காப்பியிலிருந்து தேயிலையாக மாறியதற்குக் காரணம் ஒரு நுண்ணிய பூசணம் என்பது எண்ணத்தக்கது.

காப்பித் தோட்டங்களுக்கும் பின்னர்த் தேயிலைக்கும் கங்காணிகள் வழியாகத் தமிழகத்துச் சமவெளி மாவட்டங்களிலிருந்து தொழிலாளர் அழைத்து வரப்பட்டனர். அவர்களோடு வந்த அறிவு சமவெளியின் அறிவு. வயல்வரப்பிலும் கரையான் புற்றிலும் முளைக்கும் வெள்ளைக் காளான் நல்லது. வைக்கோற்போரில் முளைப்பது நல்லது. அம்மண்ணிற்கு அது பெரும்பாலும் போதுமானது. மலைக்காட்டில் வேறொரு வெள்ளைக் காளான் காத்திருக்கிறது. மன்னான், பளியர், ஊராளி முதலிய பழங்குடியினரின் அறிவு இதே காட்டில் தலைமுறை தலைமுறையாகத் திரண்டது. லயத்து அறிவோ சில தலைமுறைகளுக்கு முன் வேறிடத்திலிருந்து மூட்டை கட்டிக் கொண்டுவரப்பட்டது.

இந்த வேறுபாடு எத்துணைக் கொடியதாக முடியும் என்பதை அஸ்ஸாம் காட்டியது. 2022 ஏப்ரலில் மேல் அஸ்ஸாம் மாவட்டங்களில் காட்டுக் காளானை உண்டவர்களில் 13 பேர் சில நாட்களுக்குள் இறந்தனர். அவர்களில் பெரும்பாலோர் தேயிலைத் தோட்டப் பகுதியினர். அங்குள்ள தோட்டத் தொழிலாளரின் முன்னோரும் மத்திய இந்தியப் பகுதிகளிலிருந்து அழைத்து வரப்பட்டவர்களே. அமெரிக்காவிலும் இதே கதை வேறு உருவில் நடந்திருக்கிறது. தென்கிழக்காசியாவிலிருந்து குடியேறியவர்கள், தங்கள் ஊரில் உண்ட வைக்கோல் காளான் என்று கருதி, மேற்குக் கரை மாநிலங்களில் கொடிய அமானிட்டாவைப் பறித்து உண்டிருக்கின்றனர். மொட்டுப் பருவத்தில் இரண்டும் முட்டை போன்றவை. அவர்கள் அறியாதவர்கள் அல்லர். அறிந்தது வேறு நாட்டை.

கூலி குறையும் காலத்தில் இவ்வாபத்து பெருகும். 2000ஆம் ஆண்டையொட்டித் தேயிலை விலை வீழ்ந்தபோது பீர்மேட்டுப் பகுதியில் பல தோட்டங்கள் மூடப்பட்டன. அத்தகைய நாட்களில் காட்டிலிருந்து கிடைக்கும் கீரையும் காளானும் ருசிக்கான பொருள் அல்ல, வயிற்றுக்கானவை. உண்ணாதீர் என்று அறிவிப்புப் பலகை வைப்பது மட்டும் அப்போது பயன்தராது.

பிழையான சோதனைகள்

நச்சுக் காளானோடு வெள்ளிக் காசை இட்டு வேகவைத்தால் காசு கறுக்கும். அரிசியோ பூண்டோ நிறம் மாறும். பூச்சி அரித்த காளான் நல்லது. புளி சேர்த்தால் நஞ்சு முறியும். இவற்றுள் ஒன்றும் உண்மையன்று. அமானிட்டாவிலுள்ள அமாடாக்சின் வெள்ளியைக் கறுக்கச் செய்வதில்லை. கொதிக்க வைத்தாலும் உலர்த்தினாலும் அழிவதில்லை. பூச்சிகளில் சில அதனை உண்டு நலமாகவே இருக்கின்றன.

தண்டில் வளையம் இருந்தால் நஞ்சு என்பர் சிலர். நடராஜன் பெயரிட்ட புற்றுக் காளானின் தண்டில் தடித்த வளையம் உண்டு. அது சுவையான உணவு. தண்டின் அடியில் கிண்ணம் போன்ற உறை இருந்தால் நஞ்சு என்பர். வைக்கோல் காளானுக்கும் அவ்வுறை உண்டு. வளையத்தையும் உறையையும் பார்க்க வேண்டாம் என்பது இதன் பொருளன்று. ஒரே அடையாளத்தை நம்பித் தீர்ப்புக் கூறலாகாது என்பதே பொருள்.

முதலில் சொன்ன மீதிப் பாதி விடைக்கு உதவுவது வித்துத்தூளின் நிறம். தண்டை நீக்கிய குடையைப் பாதி வெள்ளை, பாதி கருமையான தாளின்மேல் செவுள் கீழாக வைத்து, கிண்ணத்தால் மூடி ஓரிரவு விட்டால் தூள் படியும். புற்றுக் காளானுக்கு இளஞ்சிவப்பு, அமானிட்டாவிற்கு வெள்ளை. பள்ளி மைதானங்களிலும் தோட்டத்துப் புல்தரைகளிலும் பெரிதாக விரிந்து கண்ணைக் கவரும் ஒரு வெண்குடைக்குத் தூள் பச்சை. கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் தருவது அது. இச்சோதனையும் தனித்து நின்று போதாது. வைக்கோல் காளான் உள்ளிட்ட வேறு பலவற்றிற்கும் தூள் இளஞ்சிவப்பே. இடம், தண்டடி, தூள்நிறம் ஆகிய மூன்றும் ஒத்துவர வேண்டும். அப்போதும் ஐயம் இருந்தால் கைவிடுவதே முறை.

செய்யத்தக்கவை

காட்டுக் காளானுக்குத் துணையாக வளர்ப்புக் காளானைக் கொண்டுவர இயலும். இந்தியாவில் வைக்கோல் காளானைப் பயிரிடும் முறை 1940களில் கோயம்புத்தூர் வேளாண்மைக் கல்லூரியில் உருவாயிற்று. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1998இல் ஏபிகே 2 என்ற பால் காளான் இரகத்தை வெளியிட்டது. நாட்டளவில் 1983 முதல் ஹிமாசலப் பிரதேசத்தின் சோலனில் தனி ஆய்வு நிலையம் இயங்கி வருகிறது. பால் காளான் வெப்ப நிலத்திற்கு உரியது. பீர்மேட்டின் குளிருக்கும் ஈரத்திற்கும் பொருந்துவது சிப்பிக் காளான். குறை ஒன்றுதான்: மலையில் வைக்கோல் கிடையாது. ஆனால் பெரியாற்று நீர் 1895 முதல் மலையைக் குடைந்து கிழக்கே பாய்ந்து கம்பம் பள்ளத்தாக்கில் நெல் விளைவிக்கிறது. மலையின் நீர் கீழே போய் வைக்கோலாகிறது. அவ்வைக்கோலில் ஒரு பகுதி அதே சாலை வழியே மேலே வந்தால் லயத்துத் திண்ணையில் காளான் படுக்கை அமைக்கலாம். மகளிர் குழுக்கள் கணக்கிட்டுப் பார்க்கத்தக்க செய்தி இது.

இதைவிட விரைவில் செய்யத்தக்கது தோட்ட மருந்தகங்களிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் உள்ளவர்களுக்கான பயிற்சி. அமாடாக்சின் நஞ்சின் வஞ்சகம் அதன் தாமதத்தில் உள்ளது. உண்ட ஆறு மணி நேரத்திற்குள் எந்தத் தொல்லையும் இராது. பெரும்பாலும் ஆறு முதல் பன்னிரண்டு மணி கழித்தே, சில வேளைகளில் அதற்கும் பின்னர், வாந்தியும் பேதியும் தொடங்கும். பிறகு ஒரு நாள் அளவு தணிந்து, குணமாகிவிட்டது போல் தோன்றும். அந்த நேரத்தில் கல்லீரல் சிதைந்துகொண்டிருக்கும். உறுதியான மாற்று மருந்து இல்லாததால், நேரமே மருந்து. காளான் உண்டதாகச் சொல்லும் நோயாளியை வாந்தி நின்றுவிட்டது என்ற காரணத்திற்காக வீட்டிற்கு அனுப்பலாகாது. உடன் உண்டவர்கள் அனைவரையும், நலமாக இருப்பவர்களையும் சேர்த்தே, அழைத்துவரச் செய்து கல்லீரல் சோதனை வசதியுள்ள மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும்.

நோயாளியோடு எஞ்சிய காளானும் போக வேண்டும். சமைக்காத காளான் ஒன்றிரண்டு அடித்தண்டோடு கிடைத்தால் நன்று. பிளாஸ்டிக் பையில் அழுகிவிடும், செய்தித்தாளில் சுற்றினால் தாங்கும். திருவனந்தபுரம் மாவட்டம் பாலோட்டிலுள்ள ஜவாஹர்லால் நேரு வெப்பமண்டலத் தாவரத் தோட்ட ஆய்வு நிறுவனம் போன்ற இடங்களில் இவற்றை இனம் காணும் வல்லுநர்கள் உள்ளனர். பொட்டலத்தோடு ஒரு துண்டுச் சீட்டும் இருக்கட்டும். அதில் எழுத வேண்டியவை: பறித்த நாள்; உண்ட நேரம்; புற்றிலா, புல்லிலா, சாணத்திலா, மரக்கட்டையிலா, மரத்தடி மண்ணிலா; மரத்தடி என்றால் எந்த மரம்.